டைனோ வரைபடத்தில் லீன் என்று தெரிந்ததும் பெட்ரோலைக் கூட்டாதீர்கள்

வண்டியை உருளைகள் மேல் ஓட்டிப் பவரை அளக்கும் இயந்திரம் டைனோ. அதில் ஒரு ரன் முடிந்ததும் திரையில் மேலே பவர், டார்க் கோடுகள் வரும்; கீழே காற்று-எரிபொருள் விகிதம், ஒர்க்‌ஷாப் பேச்சில் ஏஎஃப்ஆர்: ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்ற எண். அது கூடினால் பெட்ரோல் குறைவு, அதாவது லீன்; குறைந்தால் பெட்ரோல் அதிகம், அதாவது ரிச். 5,500 ஆர்பிஎம் வரை 12.5-ல் நின்ற கோடு அதற்கு மேல் 14-ஐ நோக்கி ஏறுகிறது, பவரும் சரிகிறது என்று வைத்துக்கொள்வோம். "லீன் ஓடுது, மேப்ல பெட்ரோலக் கூட்டு" என்பதுதான் பெரும்பாலும் முதலில் வரும் தீர்ப்பு. மேப் என்பது இன்ஜினை நடத்தும் கணினியான ஈசியூவுக்குள் இருக்கும் பெட்ரோல் அளவு அட்டவணை. சில நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் இந்த விகிதத்தைத் தரும் வைட்பேண்ட் சென்சார் பெட்ரோலை அளப்பதில்லை. புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனைப் பார்த்து விகிதத்தைக் கணக்கிட்டுச் சொல்கிறது. அந்த ஆக்சிஜன் எந்த வழியாக வந்தது என்று அதற்குத் தெரியாது.

இதில் அதிகம் ஏமாற்றுவது மிஸ்ஃபயர். ஒரு சிலிண்டரில் பொறி விழாவிட்டால் அதற்குள் போன காற்று முழுவதும் எரியாமல் வெளியே வருகிறது. சென்சார் அதை லீன் என்று காட்டும். கலவை அளவுக்கு மீறி ரிச்சாகி பிளக் அணைந்தாலும் இதே கதைதான்: உண்மையில் ரிச், திரையில் லீன். இதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டினால் மிஸ்ஃபயர் கூடும், கோடு இன்னும் மேலே போகும், மறுபடி கூட்டத் தோன்றும்.

இரண்டையும் பிரிக்க கோட்டின் வடிவத்தைப் பாருங்கள். பெட்ரோல் பற்றாக்குறை என்றால் கோடு சீராக ஏறும். மிஸ்ஃபயர் என்றால் ரம்பப் பல் போலக் குதிக்கும், அதே ஆர்பிஎம்மில் டார்க் கோடும் நடுங்கும். டைனோ மென்பொருளில் கோட்டை வழவழப்பாக்கும் ஸ்மூத்திங்கைக் கடைசிப் படிக்கு இறக்கிவிட்டுப் பார்த்தால்தான் இது தெரியும். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் அழகான பிரிண்ட் அவுட்டில் இந்தப் பற்கள் மழுங்கியிருக்கும். சந்தேகம் இருந்தால், குறிப்பாக டர்போ இன்ஜினில், பிளக் இடைவெளியை 1.1 மி.மீ.-இலிருந்து 0.8-க்குக் குறைத்து ஒரே ஒரு ரன் எடுங்கள். பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றழுத்தம்) ஏற ஏறப் பொறி தாண்டுவதற்கு அதிக வோல்டேஜ் வேண்டும். இடைவெளியைக் குறைத்ததும் கோடு படிந்துவிட்டால் குற்றவாளி இக்னிஷன் காயிலோ பிளக்கோதான். மேப்பைத் தொட வேண்டியதில்லை.

சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கேஸ்கெட் ஊதினாலும் இதே பொய் லீன் வரும். ஒரு புகைத்துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் குழாய்க்குள் அழுத்தம் இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே இழுபடுகிறது. ஐடிலிலும் குறைந்த ஆர்பிஎம்மிலும் இது மோசமாகத் தெரியும், முழு லோடில் குறையும். ஆகவே கீழே லீன், மேலே சரி என்ற வரைபடத்தைப் பார்த்தால் முதலில் கேஸ்கெட்டைத் தேடுங்கள். சைலன்சர் வாயில் குழாயைச் செருகி அளக்கும்போது நுனியில் வைத்தால் வெளிக்காற்று கலந்துவிடும், குறைந்தது 30 செ.மீ. உள்ளே போக வேண்டும். அங்கே இன்னொரு சிக்கல், தாமதம். புகை அவ்வளவு தூரம் வந்து சேர 0.4 விநாடி ஆகிறது, இன்ஜின் விநாடிக்கு 500 ஆர்பிஎம் ஏறுகிறது என்றால் கோடு 200 ஆர்பிஎம் வலப்பக்கம் தள்ளி விழும். அதைப் பார்த்து மேப்பில் தவறான கட்டத்தைத் திருத்துவது சர்வ சாதாரணம்.

வைட்பேண்டின் 0-5 வோல்ட் வெளியீட்டை டைனோவில் இணைக்கும் இடத்திலும் பிழை நுழையும். 10 முதல் 20 வரை அளவு வைத்திருந்தால் ஒரு வோல்ட்டுக்கு 2 ஏஎஃப்ஆர். எர்த் வயரில் 0.1 வோல்ட் வித்தியாசம் இருந்தாலே கோடு 0.2 தப்பும். கேஜில் தெரியும் எண்ணும் திரையில் தெரியும் எண்ணும் ஒன்றா என்று ஐடிலிலேயே ஒப்பிட்டுவிடலாம்.

இவ்வளவும் கழிந்த பிறகும் லீன் என்றால் அது உண்மையான லீன். அப்போதும் மேப் கடைசி. ரன் ஓடும்போதே இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயான ஃப்யூல் ரெயிலின் அழுத்தத்தைப் பதிவு செய்யுங்கள். அழுத்தம் இறங்கினால் இன்ஜெக்டர் வழியே போகும் பெட்ரோல் அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறையும். 3 பார் இருக்க வேண்டிய இடத்தில் 2.4 ஆனால் ஓட்டம் கிட்டத்தட்ட 10.5 சதவீதம் குறைகிறது, 12.5 என்பது 14-க்குப் போய்விடும். முதலில் சொன்ன வரைபடத்தை அப்படியே உண்டாக்க இந்த ஒரு கோளாறு போதும். காரணம் அடைத்த ஃபில்டராக இருக்கலாம், தளர்ந்த பம்ப்பாக இருக்கலாம். பம்ப்பை மாற்றும் முன் அதன் கனெக்டரிலேயே லோடில் வோல்டேஜ் பாருங்கள். பேட்டரியில் 13.8 இருந்து பம்ப்பில் 12 மட்டுமே வந்தால் பழுது ரிலேயிலோ எர்த்திலோ இருக்கிறது. டர்போ வண்டியில் மேனிஃபோல்டோடு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) இணைந்த அழுத்த ரெகுலேட்டர் என்றால் 1 பார் பூஸ்டுக்கு ரெயில் 3-இலிருந்து 4 பாருக்கு ஏற வேண்டும். ஏறாமல் 3-லேயே நின்றால் இன்ஜெக்டருக்குக் குறுக்கே மிஞ்சுவது 2 பார்தான். வேக்யூம் ஹோஸ் கழன்றிருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்.

அழுத்தம் சரி, ஆனால் மேலே லீன் என்றால் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கணக்கிடுங்கள். 1,20,000-ஐ ஆர்பிஎம்மால் வகுத்தால் ஒரு சுழற்சிக்கான மில்லி விநாடி வரும். 6,000-இல் 20. அதில் திறந்திருக்கும் பல்ஸ் 17-ஐத் தாண்டினால் 85 சதவீதம் ஆகிவிட்டது. அதற்கு மேல் மேப்பில் எண்ணைக் கூட்டியும் பெரிய பயன் இல்லை, பெரிய இன்ஜெக்டர்தான் வழி.

முழு லோடு லீனுக்கு வேக்யூம் லீக்கைக் குறை சொல்வதும் அடிக்கடி நடக்கிறது. ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் மேனிஃபோல்டில் வெற்றிடமே ஏறக்குறைய இல்லை, ஓட்டை வழியாக உள்ளே வர எதுவும் தள்ளுவதில்லை. காற்றை அளக்கும் மாஃப் சென்சார் உள்ள வண்டியில் ஃப்யூல் ட்ரிம்மை, அதாவது ஈசியூ தானாகவே கூட்டிக் குறைக்கும் பெட்ரோல் சதவீதத்தைப் பாருங்கள்: ஐடிலில் +15, 2,500-இல் +3 என்றால் லீக். ஐடிலில் +2, லோடில் +12 என்றால் அழுக்கான மாஃப் அல்லது பெட்ரோல் சப்ளை. மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் (பெட்ரோல் மேப் வேறு, இது வேறு) உள்ள வண்டிகளில் சின்ன லீக் ஐடிலை உயர்த்துமே தவிர கலவையைப் பெரிதாகக் கெடுக்காது. மாஃப் உள்ள டர்போவில் பூஸ்ட் பைப் கிழிந்தால் தலைகீழாக ரிச் காட்டும், எண்ணிய காற்று வெளியே போய்விடுவதால்.

ரிச்சாகத் தெரிவதெல்லாம் கோளாறு அல்ல. கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் டர்போவையும் குளிர்விக்க, உயர் ஆர்பிஎம்மில் ஈசியூ வேண்டுமென்றே பெட்ரோலைக் கூட்டும். மாற்றம் எதுவும் செய்யாத ஸ்டாக் வண்டியில் அதை "சரிசெய்து" பவர் தேடுகிறவர்கள் கடைசியில் கன்வர்ட்டருக்குப் பணம் கட்டுகிறார்கள்.

இந்தியாவில் இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல். அதன் சமநிலை விகிதம், அதாவது காற்றும் பெட்ரோலும் மிச்சமின்றி எரியும் விகிதம், 14.7 அல்ல, சுமார் 13.5. பெட்ரோலுக்கு அமைத்த கேஜ் லாம்டாவை (உண்மை விகிதத்தைச் சமநிலை விகிதத்தால் வகுத்த எண்) அளந்து 14.7-ஆல் பெருக்கிக் காட்டும். திரையில் 12.5 என்றால் லாம்டா 0.85, உள்ளே உண்மையில் போவது 11.5. லாம்டாவிலேயே பேசிப் பழகினால் இந்தக் குழப்பமே இல்லை. சாதாரண இன்ஜினுக்கு முழு லோடில் 0.85-0.88, டர்போவுக்கு 0.78-ஐ ஒட்டி. பழைய பெட்ரோலில் எடுத்த பவரை இன்றைய ரன்னோடு ஒப்பிடும்போது டேங்கில் எது இருந்தது என்பதையும் குறித்து வையுங்கள்.

கலவைக் கோடு மாறாமலே பவர் குறையும்போது ஏஎஃப்ஆரைத் துருவ வேண்டாம். மூன்றாவது, நான்காவது ரன்னில் உள்ளிழுக்கும் காற்று சூடேறி, ஈசியூ இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்திருக்கும். போனட்டுக்கு முன் வைத்த ஃபேன் பலமானதா என்று பாருங்கள்.

கடைசியாக, சென்சார் காட்டுவது நான்கு சிலிண்டர்களின் கூட்டுச் சராசரி. ஒன்று 14-இலும் மற்ற மூன்று 12-இலும் ஓடினால் திரையில் 12.5-ஐ ஒட்டியே தெரியும். அந்த ஒரு பிஸ்டன் உருகும் வரை வரைபடம் நல்ல பிள்ளையாக இருக்கும். ரன் முடிந்ததும் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வையுங்கள். ஒன்று மட்டும் வெளுத்திருந்தால் அதன் இன்ஜெக்டரைப் பக்கத்து சிலிண்டரோடு மாற்றி, புது பிளக் போட்டு இன்னொரு ரன் எடுங்கள். வெளுப்பும் கூடவே இடம் மாறினால் அந்த இன்ஜெக்டரைக் க்ளீனிங்குக்கு அனுப்பலாம்; மாறாவிட்டால் அந்த சிலிண்டரின் வயரிங்கையும் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டையும் பாருங்கள்.