பழைய மொழிப் பதிப்புகளுக்கான ஆதரவை எப்போது நிறுத்துவது?

ஒரு மென்பொருள் திட்டம் நிரல்மொழியின் எந்தப் பதிப்புகளில் இயங்கும் என்பதை, கோரிக்கை எழும் ஒவ்வொரு முறையும் விவாதித்து முடிவு செய்யக் கூடாது. முன்கூட்டியே ஒரு விதியாக எழுதி, திட்டத்தின் ஆவணத்தில் வைத்துவிட வேண்டும். விதி இல்லாத இடத்தில் முடிவு உரக்கப் பேசுபவரின் பக்கம் சாய்கிறது. அதன் சுமையோ தன் ஓய்வு நேரத்தில் திட்டத்தைப் பராமரிப்பவர் மீது விழுகிறது.

விதியை மொழியின் அதிகாரபூர்வக் காலக்கெடுவிலிருந்து தொடங்குங்கள். பைத்தான் மொழியில் ஆண்டுதோறும் அக்டோபரில் ஒரு புதிய பதிப்பு வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஐந்தாண்டு ஆதரவு உண்டு. 2019இல் வெளிவந்த 3.8க்கு அது 2024 அக்டோபரில் முடிந்தது. கோ மொழியிலோ கடைசி இரு பெரும் பதிப்புகளுக்கு மட்டுமே ஆதரவு. மொழியை உருவாக்குபவர்களே பாதுகாப்புத் திருத்தம் தராத பதிப்பை நீங்கள் சுமக்கத் தேவையில்லை. ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8 போன்ற இயங்குதளங்கள் பைத்தான் 3.6ஐ இன்னும் தாங்கிப் பிடிப்பது உண்மைதான். ஆனால் அது அந்த நிறுவனம் கட்டணம் பெற்றுக்கொண்டு தன் வாடிக்கையாளர்களுக்குச் செய்யும் வேலை.

அதற்கு முன்பே நிறுத்தலாமா என்பதுதான் கடினமான கேள்வி. அறிவியல் கணிப்புக்கான பைத்தான் திட்டங்கள் பல, ஒரு பதிப்பு வெளியாகி மூன்றாண்டுகளுக்குப் பின் அதைக் கைவிடலாம் என்ற பொது வழிகாட்டுதலைப் பின்பற்றுகின்றன. வேகமாக வளரும் திட்டத்துக்கு இது பொருந்தும். அரிதாகவே மாறுகிற, ஆனால் பல திட்டங்கள் சார்ந்திருக்கிற சிறு நிரலகமானால் (லைப்ரரி) ஐந்தாண்டும் காத்திருப்பதே நியாயம் என்பது என் கருத்து.

பதிவிறக்க எண்ணிக்கையை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். அதில் பெரும்பகுதி தானியங்கிச் சோதனை இயந்திரங்கள் திரும்பத் திரும்ப இறக்குவதாக இருக்கலாம். பழைய மொழிப் பதிப்பில் இருப்பவர்கள் உங்கள் திட்டத்தின் எந்த வெளியீட்டை இறக்குகிறார்கள் என்று பாருங்கள். பழைய வெளியீட்டிலேயே அவர்கள் நின்றுவிட்டார்கள் என்றால், புதிய வெளியீட்டில் நீங்கள் ஆதரவை நிறுத்துவது அவர்களைத் தொடவே தொடாது.

மறுபக்கத்தில் செலவையும் கணக்கிடுங்கள். அமைவுகளை எழுதிவைக்கும் டாம்ல் (TOML) வகைக் கோப்பைப் படிக்கும் வசதி பைத்தானின் 3.11 பதிப்பில்தான் உள்ளமைந்தது, 3.10ஐயும் தாங்க வேண்டுமானால் ஒரு வெளி நிரலகமும், பதிப்பைப் பார்த்துக் கிளைபிரியும் நிரல்வரிகளும், இரண்டு வழிகளுக்கும் தனித்தனிச் சோதனையும் தேவை. நீங்கள் சார்ந்திருக்கும் நிரலகங்களே அந்தப் பதிப்பைக் கைவிட்டுவிட்டால், அவற்றின் திருத்தம் பெறாத பழைய வெளியீடுகளை உங்கள் பயனர்கள் மீது சுமத்துகிறீர்கள் என்றே பொருள்.

நாள் குறித்தபின், நிறைவேற்றுவதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். பைத்தானில் 'ரிக்வயர்ஸ்-பைத்தான்' என்ற புலத்தில் குறைந்தபட்சப் பதிப்பை 3.10 என்று குறித்து வெளியிட்டால், 3.9 வைத்திருப்பவரின் பிப் என்ற நிறுவல் கருவி புதிய வெளியீட்டைத் தவிர்த்து, தனக்குப் பொருந்தும் முந்தைய வெளியீட்டைத் தானாகவே நிறுவும். அவருக்கு எதுவும் உடைவதில்லை. அந்தப் புலத்தை மறந்து வெளியிட்டு, அடுத்த வெளியீட்டில் சேர்த்தால் சிக்கல் தீராது: 3.9க்கான பிப், குறிப்பில்லாத அந்த வெளியீட்டையே பொருத்தமானதென்று எடுத்துக்கொண்டு, இயங்காத நிரலை நிறுவிவிடும். அப்படி நேர்ந்தால் தவறான வெளியீட்டைக் களஞ்சியத்தில் 'யாங்க்' செய்வதே வழி. அதன்பின், அந்த எண்ணையே துல்லியமாகக் குறிப்பிட்டுக் கேட்பவருக்கு மட்டும்தான் அது கிடைக்கும்.

வழுத்திருத்த வெளியீட்டில் ஒருபோதும் ஆதரவை நிறுத்தாதீர்கள். குறைந்தபட்சப் பதிப்பைச் சரியாகக் குறித்திருந்தால் அம்சங்கள் சேர்க்கும் வெளியீடே போதும். அதற்காகப் பெரும்பதிப்பு எண்ணை உயர்த்த வேண்டியதில்லை என்றே நான் கருதுகிறேன். நிறுத்தப்போவதை ஒரு வெளியீட்டுக்கு முன்பே மாற்றக் குறிப்பில் அறிவியுங்கள். பழைய பதிப்பில் இயங்கும் கடைசி வெளியீட்டின் எண்ணையும் அங்கே எழுதுங்கள். எண் கணிப்புக்கான நிரலகமான நம்பை (NumPy) திட்டம் பைத்தான் 2.7க்கான கடைசித் தொடர் 1.16 என்று அறிவித்து, 2019 முடியும்வரை அதற்குத் திருத்தங்கள் தந்தது. அத்தனை ஆள்பலம் இல்லாத திட்டம், கடும் பாதுகாப்புக் குறைகளை மட்டும் ஆறு மாதம் திருத்துவோம் என்று எழுதி, அந்தப் பழைய வெளியீட்டுக்கான நிரல்கிளையைத் திறந்து வைத்திருந்தால் போதும்.