ஆஃபர் கையில், பிஎஃப் கணக்கில் மட்டும் பழைய வேலை

இடைவெளிக்குப் பிறகு ஓசூர் சிப்காட்டில் தரக் கட்டுப்பாட்டு வேலை; முன்பைவிட நல்ல சம்பளம். ஆனால் பின்னணிச் சரிபார்ப்பில் "இன்னும் பழைய இடத்தில் பணியில் இருக்கிறார்" என்று நிறுத்திவிட்டார்கள்.

ரிலீவிங் லெட்டரை மறுபடி அனுப்பியும் பயனில்லை. அவர்கள் பார்ப்பது யூஏஎன் (பிஎஃப் உறுப்பினர் எண்) கணக்கின் சர்வீஸ் ஹிஸ்டரி, அதாவது எந்தக் கம்பெனியில் எதுவரை இருந்தோம் என்ற பதிவு. அதில் வெளியேறிய தேதி காலி. பழைய கம்பெனி ஹெச்ஆரோ "போட்டுடறோம் மேடம்" என்பதோடு சரி.

தேதியை நாமே போடலாம். பிஎஃப் உறுப்பினர் தளத்தில் 'மேனேஜ்', அதற்குக் கீழே 'மார்க் எக்ஸிட்'. வேலையை விட்டு இரண்டு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். ஆதாரில் இணைத்த மொபைலுக்கு ஓடிபி வரும். அந்த எண் இப்போது கையில் இல்லாதவர்கள் முதலில் ஆதாரில் மொபைல் எண்ணை மாற்ற வேண்டும்.

பலர் சிக்குவது தேதியில்தான். கம்பெனி கடைசியாக பிஎஃப் சந்தா கட்டிய மாதத்துக்குள் அது விழ வேண்டும். நான் விலகியது ஏப்ரல் 4. சந்தாவோ மார்ச் மாதத்தோடு நிற்கிறது. ஏப்ரல் தேதியை ஏற்கவே இல்லை, மார்ச் 31 போட்டதும் ஏற்றுக்கொண்டது. பாஸ்புக்கில் பணம் ஏறிய தேதியைப் பார்த்து ஏமாறாதீர்கள். மார்ச் சந்தா ஏப்ரலில்தான் ஏறும். சம்பள மாதம்தான் கணக்கு. அவசரப்படவும் வேண்டாம், ஒருமுறை பதிந்ததை அதே பக்கத்தில் திருத்த வழியில்லை.

பிறகு சர்வீஸ் ஹிஸ்டரி பக்கத்தை பிடிஎஃப் ஆக எடுத்து, ரிலீவிங் லெட்டரோடு நான்கு நாள் வித்தியாசம் ஏன் என்று மெயிலில் ஒரு வரி சேர்த்து அனுப்பினேன். சரிபார்ப்பு முடிந்தது, அப்பாடா.