துருப்பிடித்து இறுகிய அடிபம்பைப் பைப்பிலிருந்து கழற்றுவது எப்படி?

வடசென்னைக் கடலோரத்தில் காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், அங்கே இரும்பு சீக்கிரம் போய்விடும். உப்புக்காற்று ஜிஐ பைப்பின் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) பூச்சைத் தின்றுவிடும். அப்புறம் இரும்பு துருவாகும்போது பருமன் கூடி, மரைகளுக்கு நடுவில் இருக்கும் கொஞ்ச இடத்தையும் அடைத்துக்கொள்ளும். பம்பு பைப்போடு ஒட்டிப்போவது இதனால்தான்.

நிறைய பேர் ரெஞ்சில் நீளமான பைப்பைச் செருகி ஒரே இழுப்பாக இழுக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பம்பின் உடல் வார்ப்பிரும்பு, வளையாது, உடைந்துவிடும். அதைவிட மோசம், மண்ணுக்கு அடியில் இருக்கும் ஜாயின்ட் சேர்ந்து திரும்பிவிடும். அங்கே காற்று புகுந்தால் புதுப் பம்பு போட்டாலும் தண்ணீர் ஏறாது. இந்த வேலையில் திருப்புவதைவிடப் பைப்பை அசையாமல் பிடிப்பதுதான் முக்கியம்.

வேண்டியவை: இரண்டு பைப் ரெஞ்ச் (18 இன்ச் நல்லது), கம்பி பிரஷ், இரண்டு சுத்தியல், துரு கழற்றும் ஸ்பிரே, ப்ளோ டார்ச், மெழுகுவர்த்தி. எல்லாமே சென்னை மண்ணடி கடைகளில் கிடைக்கும்.

1. மேல்மூடியைக் கழற்றி, கம்பியோடு வாஷரை வெளியே எடுங்கள். அடியில் இருக்கும் தோல் வால்வும் வந்தால் எடுத்துவிடுங்கள். சூடு காட்டும்போது தோல் கருகும். உள்ளே தேங்கிய தண்ணீர் ஆவியாகிப் போக வழியும் வேண்டும்.

2. மரை தெரியும் இடத்தைக் கம்பி பிரஷால் தேய்த்து, பழைய பெயிண்டையும் சணலையும் சுரண்டுங்கள். ஸ்பிரே அடித்து ராத்திரி முழுக்க விடுங்கள். நடுவில் இரண்டு மூன்று முறை திரும்ப அடித்தால் நல்லது. ஸ்பிரே இல்லையா, மண்ணெண்ணெய் போதும். மெதுவாக இறங்கும், அவ்வளவுதான்.

3. ஒரு சுத்தியலைப் பைப்பின் ஒரு பக்கம் அணைத்துப் பிடித்து, எதிர்ப்பக்கம் இன்னொன்றால் லேசாகத் தட்டிச் சுற்றி வாருங்கள். பம்பின் உடலைத் தட்ட வேண்டாம்.

4. இப்போது ரெஞ்ச். ஒன்று கீழ்ப் பைப்பில், ஜாயின்டுக்கு மிகக் கிட்டத்தில். இன்னொன்று பம்பின் கழுத்தில், அதாவது பைப் ஏறும் அடிப்பகுதியில். இரண்டின் வாயும் எதிரெதிர்ப் பக்கம் பார்க்கட்டும். வாய் திறந்திருக்கும் பக்கமாக இழுத்தால்தான் பல் கடிக்கும். கீழ் ரெஞ்சைச் சுவரிலோ கல்லிலோ முட்டுக் கொடுத்துவிடுங்கள். முதலில் இறுக்கும் பக்கமாகத் துளி அசைத்துப் பாருங்கள், துரு அதில்தான் நொறுங்கும். அப்புறம் இடப்பக்கம்.

5. அசையவில்லையா? எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டுப் பம்பின் கழுத்தை மட்டும் சுற்றிச் சுற்றிச் சூடு காட்டுங்கள். ஒரே இடத்தில் நின்றால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். ஒண்ணேகால் இன்ச் பைப் ஏறும் கழுத்து 100 டிகிரி சூடானால் சுமார் 0.04 மில்லிமீட்டர் விரியும். பார்க்கத் தெரியாது, துருவுக்கு அது போதும். சிவக்க விடாதீர்கள்: பூச்சின் துத்தநாகம் 420 டிகிரியில் உருகும், இன்னும் சூடேறினால் வரும் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். வேலையை வெட்டவெளியில் செய்யுங்கள். சூட்டில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

சூடு இருக்கும்போதே மெழுகை மரை விளிம்பில் தொடுங்கள். உருகி உள்ளே இழுபடுவது கண்ணுக்குத் தெரியும். உடனே ரெஞ்சைப் போட்டு நிதானமாக அழுத்துங்கள். கடக்கென்று ஒரு சத்தம் வந்தால் விட்டுக்கொடுத்துவிட்டது என்று அர்த்தம்.

இரண்டு மூன்று முறை சூடாக்கியும் வரவில்லை என்றால் பைப்பை விட்டுவிட்டுப் பம்பைப் பலி கொடுங்கள். கழுத்தை நெட்டுக்கு ஹேக்ஸா பிளேடால் மரை வரைக்கும் அறுத்து, உளியைத் தட்டினால் பிளந்துவிடும். பைப்பின் மரை பிழைக்கும். அதைப் பிரஷால் தேய்த்து, புதுப் பம்பு போடும்போது டெஃப்லான் டேப்பைக் கடிகாரம் சுற்றும் பக்கமாகச் சுற்றி ஏற்றுங்கள்.