சண்டே ரோஸ்ட்: அடுப்பில் தேறியவர்கள் ஓவனில் சறுக்கும் இடங்கள்

இங்கிலாந்துக்கு வந்த முதல் குளிர்காலத்தில், ஞாயிறு மதியம் ஓவனில் இறைச்சியும் கிழங்கும் வறுத்துச் சாப்பிடும் ஆங்கிலேய விருந்தான சண்டே ரோஸ்ட் செய்கிறேன் பேர்வழி என்று இறங்கினேன். மதியம் ஒன்றரைக்குச் சாப்பாடு என்பது திட்டம். தட்டு மேசைக்கு வந்தபோது மணி நாலேகால், வெளியே இருட்டிவிட்டது, உருளைக்கிழங்கு ஆறிப்போய்த் துவண்டு கிடந்தது, கோழியை அறுத்தால் தொடை எலும்பை ஒட்டி இளஞ்சிவப்பாக ஒரு கோடு. பிள்ளைகளுக்கு மேகி கிண்டிக் கொடுத்தோம். ஊரில் முப்பது பேருக்குச் சளைக்காமல் சமைத்த கை இது!

அன்றைக்குப் புரியாதது இப்போது புரிகிறது. ரோஸ்ட்டில் ருசி சேர்ப்பது பெரிய வேலையே இல்லை; உப்பு, மிளகு, கொஞ்சம் தைம் என்ற வாசனை இலை, அவ்வளவுதான். அடுப்பில் நாலு பர்னருக்கு நாலு தீ வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஓவனுக்கு ஒரே சூடு, ஒரே கதவு. அதற்குள் இறைச்சி, கிழங்கு, முட்டை மாவில் உப்பலாகச் சுட்டெடுக்கும் யார்க்‌ஷயர் புட்டிங் மூன்றும் முறைவைத்து ஏறி இறங்க வேண்டும். இங்கே நம்மாட்கள் செய்யும் தவறுகளில் பாதி, அடுப்புப் பழக்கத்தை அப்படியே ஓவனுக்குக் கொண்டுபோவதால் வருவது.

முதல் தவறு சமையலறைக்கு வெளியே நடக்கிறது. ஞாயிறு காலை எழுந்து, குளித்து, எட்டரை மணிக்குக் கோழி வாங்கப் போனால் சூப்பர்மார்க்கெட் பூட்டிக் கிடக்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் ஞாயிற்றுக்கிழமை காலை 10 முதல் மாலை 6-க்குள் மொத்தம் ஆறு மணி நேரம்தான் திறக்கலாம், 1994-இல் வந்த சட்டம் அது. ஈஸ்டர் ஞாயிறு என்றால் நாள் முழுக்கக் கிடையாது. சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். வாங்கிய கையோடு கோழிக்கோ ஆட்டுத் தொடைக்கோ உப்புத் தடவி ஃபிரிட்ஜின் அடித்தட்டில் மூடாமல் வைத்தால், மறுநாள் தோல் காய்ந்து நன்றாக முறுகும்.

அடுத்து, கோழியைக் கழுவுவது. நமக்கு மஞ்சள் போட்டு மூன்று தண்ணீரில் அலசாவிட்டால் மனசே ஆறாது, தெரியும். ஆனால் பிரிட்டனின் உணவுத் தரநிலை முகமை பச்சைக் கோழியைக் கழுவவே வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது. கோழியில் இருக்கும் கேம்பிலோபாக்டர் என்ற கிருமி குழாய்த் தண்ணீரோடு தெறித்து சிங்க், மேடை, காய வைத்த தட்டு எல்லாவற்றிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். அதைக் கொல்வது தண்ணீர் இல்லை, சூடுதான். தவிர, நனைந்த தோல் முறுகாது, வெந்துபோகும். கிச்சன் பேப்பரால் ஒற்றி எடுத்தால் போதும். என் மாமியார் இதை இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை, அது தனிக்கதை.

வெந்ததா என்பதைக் கண்ணால் முடிவுசெய்வதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. குழம்பில் ஒரு துண்டை எடுத்து நசுக்கிப் பார்க்கலாம், ஒன்றரைக் கிலோ முழுக் கோழியை என்ன செய்வீர்கள்? கம்பி போன்ற ஒரு சமையல் தெர்மாமீட்டர் வாங்கிவிடுங்கள், தொடையின் தடித்த இடத்தில் எலும்பில் படாமல் குத்துங்கள். 70 டிகிரி இரண்டு நிமிடம் நின்றால் கோழி பாதுகாப்பு. உத்தேசக் கணக்கு, 190 டிகிரியில் கிலோவுக்கு 45 நிமிடம், மேலே 20 நிமிடம். உள்ளே விசிறி சுழலும் ஃபேன் ஓவன் என்றால் 20 டிகிரி குறைத்து வையுங்கள். நான் அந்த முதல் கோழிக்கு ஓவன் சூடாகும்வரை காத்திருக்கவே இல்லை, உள்ளே தள்ளிவிட்டுத்தான் ஸ்விட்சைப் போட்டேன். மாடு, ஆட்டு ஜாயிண்ட்டுகளை, அதாவது முழுதாக வறுக்கும் பெரிய இறைச்சித் துண்டுகளை, நடுவில் சிவப்பாக விட்டுப் பரிமாறுவது இங்கே சகஜம், கிருமி மேற்பரப்பில் மட்டும்தான் இருக்கும் என்பதால். ஆனால் சுருட்டிக் கயிறு கட்டிய ஜாயிண்ட்டில் வெளிப்பக்கம் உள்ளே போய்விடுகிறது. அதையும் பன்றியையும் கோழியையும் முழுதாக வேகவிட வேண்டும்.

வெளியே எடுத்த உடனே அறுக்காதீர்கள். ஃபாயிலைத் தளர்வாகப் போர்த்தி கோழியை இருபது நிமிடம், பெரிய ஜாயிண்ட்டை அரைமணி நேரமாவது விடுங்கள். சாறு உள்ளேயே தங்கும். இந்த ஓய்வு இறைச்சிக்கு மட்டுமல்ல, ஓவனுக்கும். இறைச்சி வெளியேறிய இந்த இடைவெளியில்தான் சூட்டை ஏற்றிக் கிழங்கை முறுக வைக்க முடியும், யார்க்‌ஷயர் புட்டிங் ஊற்ற முடியும். ரோஸ்ட்டின் சூட்சுமமே இதுதான் என்று எனக்குக் கடைசியில் சொல்லிக்கொடுத்தது பக்கத்து வீட்டுப் பாட்டி. சாப்பிடும் நேரத்திலிருந்து பின்னோக்கி எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டச் சொன்னார். இரண்டு மணிக்குச் சாப்பாடு என்றால் 1.6 கிலோ கோழி 11.45-க்கு உள்ளே, 12.50-க்குக் கிழங்கு கீழ்த்தட்டில், 1.15-க்குக் கோழி வெளியே, சூடு 220-க்கு, 1.25-க்கு யார்க்‌ஷயர், அது உப்புகிற நேரத்தில் அடுப்பில் காய்கறியும் கிரேவியும். இன்னும் அந்தச் சீட்டு எங்கள் வீட்டில் இருக்கிறது, எண்ணெய்க் கறையோடு.

கிழங்கில் மாவுப்பதமான ரகம் வேண்டும், மாரிஸ் பைப்பர் அல்லது கிங் எட்வர்ட். பொரியலுக்கு நறுக்குவதுபோல் பொடியாக நறுக்காதீர்கள், முட்டை அளவுத் துண்டு. உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் வேகவைத்து வடித்து, ஆவி போகும்வரை விட்டு, பாத்திரத்தை மூடிப் பிடித்து ஒரு குலுக்கு குலுக்கினால் ஓரமெல்லாம் சொரசொரப்பாகும். அந்தச் சொரசொரப்புதான் பின்னால் மொறுமொறுப்பு. ட்ரேயில் எண்ணெய் முன்பே காய்ந்திருக்க வேண்டும், துண்டுகள் ஒன்றையொன்று இடிக்கக் கூடாது. நெருக்கி அடுக்கினால் வறுபடாது, அவிந்துதான் போகும்.

யார்க்‌ஷயர் புட்டிங் என்பது இனிப்பு இல்லை என்பதை விருந்தாளிகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். முட்டை, மைதா, பால் மூன்றும் ஒரே கப் அளவு, கொஞ்சம் உப்பு. 1747-இலேயே ஹன்னா கிளாஸ் என்ற ஆங்கிலச் சமையல் நூலாசிரியர் இந்தப் பெயரில் செய்முறை எழுதிவிட்டார். விலை கூடிய இறைச்சி வரும் முன் கிரேவியோடு இதைக் கொடுத்து வயிற்றை நிரப்புவது பழைய வழக்கம். குழியுள்ள ட்ரேயில் எண்ணெய் புகையும்வரை காய வேண்டும், மாவை ஊற்றும்போது தோசைக்கல்லில் கேட்கிற அதே ‘சொய்ங்’ கேட்க வேண்டும். அப்புறம் இருபது நிமிடம் கதவைத் திறக்கவே கூடாது, ஆசைக்கு எட்டிப் பார்த்தால் அமுங்கிவிடும். நாலு அங்குலம் எழும்பாதது யார்க்‌ஷயர் புட்டிங்கே இல்லை என்று ராயல் வேதியியல் கழகம் 2008-இல் அறிவித்தது, வேடிக்கைக்காகத்தான் இருக்கும், ஆனால் எங்கள் வீட்டில் ஸ்கேல் வைத்து அளப்பார்கள்.

கிரேவி என்ற சொல் நம்மைக் கவிழ்க்கும். நமக்கு கிரேவி என்றால் வெங்காயம் தக்காளி வதக்கி மசாலா போட்ட கெட்டிக் குழம்பு, இங்கே அது வறுத்த ட்ரேயின் அடியில் பிடித்த பழுப்பையும் சாறையும் கரைத்து எடுக்கும் நீர்த்த சாறு. அதனால் ட்ரேயைக் கழுவப் போட்டுவிடாதீர்கள். மேலே மிதக்கும் கொழுப்பை வழித்துவிட்டு, ஒரு கரண்டி மைதாவை அதிலேயே கிளறி, காய்கறி வேகவைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள்.

சைவ நண்பரை அழைத்துவிட்டு, ‘காய்கறிதான் நிறைய இருக்கிறதே’ என்று இருந்துவிடுவது ரொம்ப நடக்கும் தவறு. கிழங்கு வாத்துக் கொழுப்பில் வறுபட்டிருக்கும், யார்க்‌ஷயரில் முட்டை, கிரேவி முழுக்க இறைச்சிச் சாறு, கடைசியில் அவர் தட்டில் அவித்த கேரட் மட்டும். பப்பில் சாப்பிடுவதானாலும் இதையெல்லாம் கேட்டுவிட்டே ஆர்டர் செய்யுங்கள். வீட்டில் என்றால் கிழங்கு மொத்தத்தையும் சூரியகாந்தி எண்ணெயில் வறுத்துவிடுங்கள், முழுக் காலிஃபிளவரைத் தனி ட்ரேயில் வறுத்து வெங்காய கிரேவி ஊற்றினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சரி, அந்தக் காலிஃபிளவரையோ கோழியையோ தயிர் மசாலா தடவி நம் ருசியில் செய்யலாமா? தாராளமாக. ஆனால் ஈர மசாலா 200 டிகிரியில் உள்ளே வேகும் முன்னே கருகிவிடும், ஃபாயில் மூடி வைத்துக் கடைசி இருபது நிமிடம் மட்டும் திறங்கள்.

எல்லா ஞாயிறும் முழு ரோஸ்ட் செய்தாக வேண்டும் என்று நினைப்பதும் ஒரு தவறுதான். மூன்று பேர் வீட்டில் இரண்டு கிலோ ஜாயிண்ட் எதற்கு? எலும்போடு கோழித் தொடைகள், கிழங்கு, கேரட், வெங்காயம் எல்லாம் பெரிய ட்ரேயில் பரப்பி 200 டிகிரியில் முக்கால் மணி நேரம், அதுவே ஞாயிறு சாப்பாடு. காலையில் ஆட்டுத் தோள்பட்டையை ஸ்லோ குக்கரில் போட்டுவிட்டு வெளியே சுற்றிவிட்டும் வரலாம். விருந்துக்கு உங்களை அழைத்தால் ஒரு விஷயம்: வடக்கு இங்கிலாந்தில் ‘சண்டே டின்னர்’ என்றால் பெரும்பாலும் மதியச் சாப்பாடு. இரவு என்று நினைத்து ஏழு மணிக்குக் கதவைத் தட்டிய தம்பதி எனக்குத் தெரியும்.

மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, 48 மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். கிழங்கையும் முட்டைக்கோஸையும் மசித்து வாணலியில் முறுக வைத்தால் ‘பபுள் அண்ட் ஸ்குவீக்’, கோழி எலும்பில் திங்கட்கிழமை மிளகு ரசம். யார்க்‌ஷயர் மீந்தால், அந்தப் பெயருள்ள வட்டாரத்து ஆட்கள் ஜாம் தடவிச் சாப்பிடுவார்கள், எங்கள் வீட்டில் வடையை ஊறவைக்கிற மாதிரி சாம்பாரில் போட்டுவிடுகிறோம். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் இதை மட்டும் இன்னும் சொல்லவில்லை.