காலண்டரில் இருந்து தொடங்குங்கள்: வீட்டுவழிக் கல்விக்கு ஓராண்டுத் திட்டம்

மே மாதக் கடைசி. தெருவில் எல்லா வீட்டிலும் நோட்டுக்குப் பழுப்பு அட்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் இரண்டு பேரும் மாங்கொட்டையைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 8. வீட்டிலேயே படிப்பது என்று முடிவெடுத்து இது நான்காவது வருடம்.

முதல் வருடம் நான் செய்தது இது: கடைக்குப் போய்க் கண்ணில் பட்ட பயிற்சிப் புத்தகத்தையெல்லாம் வாங்கினேன். பள்ளிக்கூடத்தைப் போலவே எட்டு பீரியட் போட்டு, சார்ட்டில் கலர் கலராக எழுதி, ஃபிரிட்ஜில் ஒட்டினேன். ஆடி பிறப்பதற்குள் அந்தச் சார்ட்டில் எண்ணெய்க் கறைதான் மிச்சம். புத்தகம், அட்டவணை, காலண்டர் என்ற வரிசையில் நான் போனதுதான் கோளாறு. இப்போது தலைகீழாகப் போகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்.

படி 1: வாரங்களை எண்ணுங்கள்

ஒரு மாதக் காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 52 வாரம். கோடைக்கு 6 வாரம் போகட்டும். தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று. அரையாண்டு லீவில் அத்தை பிள்ளைகள் வந்து இறங்கினால் புத்தகத்தைத் தொட முடியாது, அதற்கு 2. கல்யாணம், காதுகுத்து, காய்ச்சல், ஊரில் இருந்து விருந்தாளி என்று 4. மிச்சம் 38. அதிலும் 2 வாரத்தை ஒன்றுமே எழுதாமல் சும்மா விடுங்கள், அது எப்படியும் தேவைப்படும். ஆக 36 வாரம். வாரத்துக்கு நான்கு நாள் பாடம் என்றால் மொத்தம் 144 நாள்.

இந்த எண்ணைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கும். கலக்கட்டும். ‘வருடம் முழுக்க இருக்கிறதே’ என்று நினைத்துப் போடுகிற திட்டத்தைவிட, கையில் 144 நாள்தான் என்று தெரிந்து போடுகிற திட்டம் தாக்குப்பிடிக்கும்.

படி 2: பிள்ளை எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

இதற்குத் தேர்வு வைக்காதீர்கள். போன வருடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். வாசிக்கச் சொல்லுங்கள், நாலு வரி சொந்தமாக எழுதச் சொல்லுங்கள், கணக்கில் ஒவ்வொரு பாடத்திலும் ஒன்றிரண்டு போடச் சொல்லுங்கள். ஒரு வாரம் இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாலே நிறையப் புரிந்துவிடும்.

என் மகள் நான்காம் வகுப்புக் கணக்கை முடித்துவிட்டாள் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். 1000த்தில் 378ஐக் கழிக்கச் சொன்னேன். 1378 என்று எழுதினாள். பூஜ்யத்தில் இருந்து 8 போகாது, அதனால் 8ஐ அப்படியே கீழே இறக்கிவிட்டாள். 7க்கும் 3க்கும் அதே கதை. நான் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவளே, “என்னம்மா, கழிச்சதுக்கப்புறம் கூடிருச்சு!” என்றாள். அப்புறம் காகிதத்தில் நூறு ரூபாய், பத்து ரூபாய், ஒரு ரூபாய் என்று வெட்டி வைத்து, சில்லறை மாற்றி மாற்றிக் கடை விளையாட்டு ஆடினோம். மூன்றாம் நாள் 622 வந்தது. அவளுக்கு ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை வாங்கிக் கொடுத்துவிட்டு, ‘ஏன் வரவில்லை?’ என்று கத்தியிருந்தால் அந்த வருடம் அங்கேயே முடிந்திருக்கும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, தெரிந்தது, தடுமாறுவது, ஆசைப்படுவது என்று மூன்று தலைப்பில் எழுதி வையுங்கள். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். மகன் பக்கத்தில் ‘எறும்பு’ என்று ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. அந்த வருட அறிவியலில் பாதி அதிலேயே ஓடியது.

படி 3: காகித வேலை

சுவாரசியம் இல்லாத வேலை, ஆனால் முதலிலேயே முடித்துவிடுங்கள். பள்ளியில் இருந்து நிறுத்துகிறீர்கள் என்றால் மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் அட்டைகளையும் கேட்டு வாங்கி ஒரு ஃபைலில் போடுங்கள். பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஒன்றுபோல இருக்கின்றனவா என்று எழுத்துக்கூட்டிப் பாருங்கள். எங்களுக்கு ஒரு ‘ஹெச்’ எழுத்து கூடுதலாக விழுந்திருந்தது. அதைத் திருத்த நாலு நடை நடந்தோம்.

‘பத்தாவது எப்படி எழுதுவாள்?’ என்று உறவுக்காரர்கள் கட்டாயம் கேட்பார்கள். பதிலைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், அதாவது என்.ஐ.ஓ.எஸ்., மத்திய அரசின் கீழ் 1989 முதல் நடக்கிறது. 14 வயது நிறைந்தால் அதில் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். தேர்வு ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என வருடத்துக்கு இரண்டு முறை. ஐந்து பாடம் தேறினால் சான்றிதழ். ஐந்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை, பதிவு ஐந்து வருடம் செல்லும். தமிழ்நாட்டு அரசுத் தேர்வு வழியாகப் போக விரும்பினால், பன்னிரண்டரை வயது நிறைந்தவர்கள் தனித்தேர்வராக எட்டாம் வகுப்பு எழுதலாம். சின்னப் பிள்ளைகள் வைத்திருப்பவர்கள் இதை இப்போதைக்குத் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

படி 4: இப்போதுதான் புத்தகம்

பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எல்லாப் புத்தகமும் பிடிஎஃப் ஆக இலவசம். தேவையான பாடங்களை மட்டும் இறக்கி, ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டுக்கொள்ளுங்கள். தமிழுக்கு ஐந்தாம் வகுப்பு, கணக்குக்கு நான்காம் வகுப்பு என்று கலந்து எடுக்கலாம். வீட்டில் படிப்பதில் இருக்கிற பெரிய வசதியே அதுதான். பாடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் க்யூ.ஆர். கோடை போனில் காட்டினால் காணொளி வரும். கதைப் புத்தகத்துக்குக் கிளை நூலகத்தில் உறுப்பினர் ஆகிவிடுங்கள். இங்கே மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர்களுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது, போனால் கிளம்ப மாட்டேன் என்கிறார்கள்.

பிரிப்பது சுலபம். கணக்கில் 18 பாடம் இருந்தால், 36 வாரத்தில் ஒரு பாடத்துக்கு இரண்டு வாரம். இதைத் தேதி போட்டு எழுதாதீர்கள், ‘வாரம் 1, வாரம் 2’ என்று மட்டும் எழுதுங்கள். தேதி போட்டால், ஒரு காய்ச்சல் வந்ததும் எல்லாவற்றையும் அழித்து எழுத வேண்டியிருக்கும். பென்சிலால் எழுதுவது இன்னும் நல்லது.

நோட்டு: ஆளுக்கு ஒரு கட்டம் போட்டது, ஒரு கோடு போட்டது, படம் வரைய ஒரு கோடு போடாதது. அவ்வளவுதான். மூன்று டஜன் வாங்கி பரணில் போட்ட அனுபவத்தில் சொல்கிறேன்.

படி 5: நாளுக்கு ஒரு வடிவம்

மணி போடுவதை நான் விட்டுவிட்டேன். வரிசை மட்டும்தான். காலைச் சாப்பாடு முடிந்ததும் கணக்கு, அப்புறம் தமிழ், ஆங்கிலம். சமைத்து முடித்த பிறகு நான் ஒரு கதை வாசிப்பேன்; அன்றைக்கு அறிவியல் அல்லது சமூக அறிவியல், ஏதாவது ஒன்று. உட்கார்ந்து படிப்பது மகனுக்கு ஒன்றரை மணி நேரம், மகளுக்கு இரண்டரை. நாற்பது பேர் இருக்கிற வகுப்பில் ஆகும் நேரம் இரண்டு பேருக்கு ஆகாது. ‘மத்தியானம் சும்மா இருக்கிறார்களே’ என்று மாமியாருக்கு முதலில் வருத்தம்தான். இப்போது அந்த நேரத்தில் பேத்திக்குப் பல்லாங்குழி சொல்லிக்கொடுக்கிறார்.

ஐந்தாவது நாள், எங்களுக்கு வெள்ளி, வெளியே போகும் நாள். நூலகம், உழவர் சந்தை, கண்மாய்க் கரை. கீழடி அருங்காட்சியகம் இங்கிருந்து பஸ்ஸில் போய்விடும் தூரம். அங்கே கண்ணாடிக்குள் இருந்த வட்டச் சில்லுகளைப் பார்த்து, “இது நாங்க பாண்டி ஆடுற சில்லுதானே?” என்று மகன் கேட்டான். வீட்டுக்கு வந்து உடைந்த ஓட்டைத் தேய்த்துத் தேய்த்து ஒன்று செய்து முடிக்க அவனுக்கு இரண்டு நாள் ஆனது. அந்த வாரம் சமூக அறிவியல் புத்தகத்தை நாங்கள் திறக்கவே இல்லை.

படி 6: நடந்ததை எழுதுங்கள்

ஒரு லாங் சைஸ் நோட்டில் தினமும் இரவு இரண்டு வரி: தேதி, என்ன படித்தோம். ‘வகுத்தல், பாடம் 5 பாதி. எறும்புப் புற்றைப் பார்த்தோம். தலைவலி, தமிழ் இல்லை.’ இவ்வளவு போதும். மாதக் கடைசியில் ஆளுக்கு நாலைந்து தாள்களைத் தேதி போட்டு ஃபைலில் சேருங்கள். நாளைக்குப் பிள்ளையை மறுபடி பள்ளியில் சேர்க்க நினைத்தால், எதுவரை படித்திருக்கிறாள் என்று காட்ட இதுதான் கையில் இருக்கும். ‘இந்த மாதம் ஒன்றுமே நடக்கவில்லை’ என்று நமக்கே தோன்றும் நாளில் புரட்டிப் பார்க்கவும் உதவும்.

சரி, ஜூன் முதல் திங்கள் வந்துவிட்டது. அன்றைக்கே எல்லாவற்றையும் திறக்காதீர்கள். முதல் வாரம் கணக்கும் வாசிப்பும் மட்டும். இரண்டாம் வாரம் எழுத்து, ஆங்கிலம். அறிவியலும் மற்றதும் மூன்றாம் வாரத்தில் வரட்டும். நாலாவது வாரக் கடைசியில் பென்சிலையும் ரப்பரையும் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்து, திட்டத்தை ஒருமுறை திருத்துங்கள்.