‘கோ’ எப்போது ‘வென்ட்’ ஆகும், எப்போது ஆகாது?

ஒரு நேர்முகத் தேர்வில் “ஐ டிடின்ட் வென்ட்” என்று சொல்லிவிட்டு, எதிரே இருந்தவர் ஏன் சிரித்தார் என்று தெரியாமல் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தவன் நான். இதற்கு வழி தமிழிலேயே இருக்கிறது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் பிடிபட்டது.

முதல் படி: ஆங்கிலத்தில் ‘போ’ என்ற வினையின் மூன்று உருவங்கள், கோ, வென்ட், கான் (go, went, gone). மூன்றையும் வாய்விட்டுப் பத்து முறை சொல்லுங்கள். ‘வாக்’ என்பது ‘வாக்ட்’ ஆவதுபோல ‘கோ’ வால் முளைத்து வளராது. ‘வென்ட்’ உண்மையில் வேறொரு பழைய வினையின் இறந்தகால உருவம். பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்த வீட்டுக்குத் தத்து வந்துவிட்டது. ஒரு நிம்மதி: போனேன், போனாய், போனார்கள் என்று நாம் மாற்றுவதுபோல மாற்ற வேண்டாம். யார் போனாலும் ‘வென்ட்’தான்.

இரண்டாம் படிதான் முக்கியம். ‘போனேன்’ என்பதற்கு எதிர்மறை என்ன? ‘போகவில்லை’. கவனியுங்கள், ‘போனேன்’ காணாமல் போய் ‘போக’ வந்துவிட்டது. ஆங்கிலத்திலும் அதே கதைதான்: “ஐ வென்ட்”, ஆனால் “ஐ டிடின்ட் கோ”. நடந்து முடிந்தது என்பதை ‘டிட்’ சொல்லிவிடுகிறது. ‘வென்ட்’ அதையே இன்னொரு தரம் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வியில் மட்டும் தமிழ் நம் காலை வாரிவிடும். “போனாயா?” என்பதில் இறந்தகாலம் அப்படியே நிற்கிறது அல்லவா? அந்தப் பழக்கத்தில் “டிட் யூ வென்ட்?” என்று வாய் தவறும். “டிட் யூ கோ?” என்பதே சரி.

மூன்றாம் படி, ‘கான்’. இது ‘ஹேவ்’, ‘ஹேஸ்’, ‘ஹேட்’ என்று ஏதாவது ஒரு துணையோடு வரும். “ஐ கான்” என்று தனியே விடாதீர்கள். “அப்பா மதுரைக்குப் போயிருக்கிறார்” என்றால், ஆள் இன்னும் திரும்பவில்லை: “ஹேஸ் கான்”. “நான் மதுரைக்கு ரெண்டு தடவை போயிருக்கிறேன்” என்றால் போய்வந்தாகிவிட்டது: “ஹேவ் பீன்”. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் இங்கே எல்லோருமே தடுக்கி விழுகிறோம். வீட்டில் உட்கார்ந்துகொண்டு போனில் “ஐ ஹேவ் கான் டு மதுரை” என்றால், அப்போது பேசுவது யார் என்று கேட்பார்கள்! அப்புறம், நேற்று, போன வாரம் என்று நாளைச் சொல்லிவிட்டால் ‘ஹேவ்’ வேண்டாம், வெறும் ‘வென்ட்’ போதும்.

சரி, நோட்டை எடுங்கள். “அம்மா நேற்று கோயிலுக்குப் போகவில்லை. அக்கா போனாள். இப்போது அக்கா கடைக்குப் போயிருக்கிறாள், இன்னும் வரவில்லை.” கடைசி இரண்டு சொற்களை விட்டுவிட்டு ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். ‘டிடின்ட் கோ’, ‘வென்ட்’, ‘ஹேஸ் கான்’ என்ற வரிசையில் வந்திருந்தால் நாளைக்கு இதே மாதிரி ‘கம், கேம், கம்’ எடுத்துக்கொள்ளலாம்.