பங்கில் ஏழைகளுக்கான பணிக்குழுவைத் தொடங்குவது எப்படி?

1617-ஆம் ஆண்டு, பிரான்சு நாட்டின் ஷாட்டியோன் என்னும் சிற்றூரில் பங்குப் (ஓர் ஆலயத்தைச் சேர்ந்த கத்தோலிக்கச் சமூகத்தின்) பொறுப்பேற்றிருந்த புனித வின்சென்ட் தே பவுல், வீட்டார் அனைவரும் நோயுற்றுக் கிடந்த ஒரு குடும்பத்தின் நிலையை ஞாயிறு மறையுரையில் எடுத்துரைத்தார். மக்கள் திரண்டு சென்று உணவைக் குவித்தார்கள். அவ்வளவும் ஒரே நாளில் வந்ததால் பெரும்பகுதி கெட்டுவிடும் என்பதையும், சில நாளில் அதே குடும்பம் மீண்டும் பட்டினி கிடக்கும் என்பதையும் கண்ட அவர், பெண்கள் சிலரைக் கூட்டி, ஒருவர் மாற்றி ஒருவராகக் கவனித்துக்கொள்ள ஏற்பாடு செய்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் அந்த அமைப்புக்கு எழுதப்பட்ட விதிகளும் கிடைத்தன. உங்கள் பங்கில் பணிக்குழு தொடங்க விரும்பினால் இந்நிகழ்வை முதலில் மனத்தில் வையுங்கள். இரக்கம் பெரும்பாலும் இருக்கவே செய்கிறது. அதைத் தொடர்ந்து கொண்டுசெல்லும் ஒழுங்குதான் இல்லாமல் போகிறது.

பங்குத்தந்தையின் இசைவைப் பெற்றபின், வாரந்தோறும் நேரம் ஒதுக்கக்கூடிய ஐந்தாறு பேரைச் சேர்த்தால் போதும். அதற்கு அடுத்ததாக, ஏழைகளை ஏற்கெனவே அறிந்த ஒருவரைத் தேடுங்கள். 1833-இல் பாரிசில் இருபது வயது மாணவரான பிரெடெரிக் ஓசானாமும் அவருடைய தோழர்களும் ஏழைகளுக்கு உதவும் பொதுநிலையினர் அமைப்பான வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கியபோது, முஃப்தார் பகுதியில் நெடுங்காலம் பணியாற்றிவந்த அருள்சகோதரி ரோசலி ரெந்துதான் எந்த வீட்டுக்குப் போக வேண்டும், அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். இன்று ஏறத்தாழ 150 நாடுகளில் பரவியுள்ள அச்சபை அவரிடம் பயின்றே வளர்ந்தது. உங்கள் பகுதியில் ஒரு செவிலியரோ, ஆசிரியரோ, துறவறச் சகோதரியோ அந்த இடத்தில் இருக்கக்கூடும்.

இப்பணியின் உயிர்நாடி இல்லச் சந்திப்பு. உதவி கேட்பவரை அலுவலக வாசலில் வரிசையில் நிற்க வைக்காமல், அவருடைய வீட்டுக்கு நாமே போக வேண்டும் என்பதை நான் சிறிதும் விட்டுக்கொடுக்க மாட்டேன். எப்போதும் இருவராகச் செல்லுங்கள். முன்கூட்டியே கேட்டு, அவர்களுக்கு ஏற்ற நேரத்தில் செல்லுங்கள். உட்காரச் சொன்னால் உட்காருங்கள். முதல் சந்திப்பில் படிவத்தை நீட்டாமல் அவர்கள் பேசுவதைக் கேளுங்கள். குறிப்புகளை வெளியே வந்தபின் எழுதிக்கொள்ளலாம். அரிசி வேண்டும் என்று தொடங்குபவரின் உண்மையான சுமை வாடகை நிலுவையாகவோ, கந்துவட்டிக் கடனாகவோ, குடும்பத்தில் நடக்கும் வன்முறையாகவோ இருக்கலாம், அதைச் சொல்லும் துணிவு பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது சந்திப்பில்தான் வரும். ஆகவே ஒரு குடும்பத்துக்கு அதே இருவரே தொடர்ந்து செல்வது நல்லது. உதவி பெறுவோரைப் படமெடுத்துப் பகிராதீர்கள். அந்த வீட்டில் கேட்டது குழுவுக்கு வெளியே போகவும் கூடாது.

வாரக் கூட்டத்தை இறைவேண்டலுடன் தொடங்கி, ஒவ்வொரு குடும்பத்தையும் பற்றிச் சேர்ந்தே முடிவெடுங்கள். யாருக்கு உதவுவது என்பதைத் தனி ஒருவர் தீர்மானித்தால் வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சு விரைவில் எழும். வின்சென்ட் தே பவுல் சபைக் கூட்டங்களில் ஒரு நல்ல பழக்கம் உண்டு: உறுப்பினர்கள் தங்களால் இயன்றதைப் பிறர் அறியாமல் பையில் இடுகிறார்கள், கொடுக்க இயலாதவரும் தலைகுனிய வேண்டியதில்லை. வரவு செலவை மாதந்தோறும் எழுத்தில் பங்குப்பேரவைக்கு அளித்துவிடுங்கள்.

உதவிக்கு ஈடாக ஆலயத்துக்கு வரும்படி யாரையும் கேட்கக் கூடாது. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2005-இல் கையெழுத்திட்ட தம் முதல் சுற்றுமடலில், பிறரன்புப் பணி மதம் மாற்றுவதற்கான கருவியாகக் கூடாது என்று தெளிவாக எழுதினார். பணியாளருக்குத் தொழில்திறன் தேவை என்றும், அதனுடன் உள்ளத்தின் பயிற்சியும் வேண்டும் என்றும் அதே மடலில் வலியுறுத்தினார். குழந்தைகள், முதியோர், மனநலம் குன்றியோர் ஆகியோருடன் பழகுமுன், உங்கள் மறைமாவட்டம் (ஓர் ஆயரின் கீழுள்ள பங்குகளின் தொகுதி) வகுத்துள்ள பாதுகாப்பு விதிகளை உறுப்பினர் அனைவரும் கற்றிருக்க வேண்டும். அவர்களை ஒருவர் தனியாகச் சந்திப்பதைத் தவிர்க்க வேண்டும்.

உங்கள் ஆற்றலுக்கு மீறியவை விரைவிலேயே எதிர்ப்படும். போதை அடிமைத்தனம், ஆள்கடத்தல், ஆவணமற்ற புலம்பெயர்ந்தோரின் சட்டச் சிக்கல் போன்றவற்றில் நல்லெண்ணம் மட்டும் உதவாது. தவறான ஆலோசனை ஒருவரின் வாழ்வையே சிதைத்துவிடலாம். அத்தகையோரை திருச்சபையின் உதவிப்பணி அமைப்பான காரித்தாஸின் மறைமாவட்டப் பிரிவிடமோ அரசுத் துறையிடமோ நீங்களே உடன் சென்று சேர்ப்பியுங்கள். 160-க்கும் மேற்பட்ட தேசிய அமைப்புகள் இணைந்த காரித்தாஸ் கூட்டமைப்பு, நிலநடுக்கம், போர், பஞ்சம் போன்ற பேரிடர்களிலும் இயங்குவதால், தொலைநாட்டு மக்களுக்குத் திரட்டும் நிதியையும் அதன் வழியாக அனுப்பலாம். பயன்படுத்திய துணிமூட்டைகளை நீங்களாகவே அனுப்புவதைவிடப் பணமாகக் கொடுப்பதே மேல். தேவையானதை அங்குள்ளவர்கள் அங்கேயே வாங்கிக்கொள்வார்கள்.

குழு ஓராண்டு நிலைத்தபின், வேறு நாட்டிலுள்ள ஏழைப் பங்கின் குழு ஒன்றுடன் இரட்டைக் குழுவாக இணைவதைப் பற்றி எண்ணலாம். வின்சென்ட் தே பவுல் சபையில் இதற்கு முறையான ஏற்பாடு உள்ளது: இரு குழுக்களும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொள்கின்றன, ஒருவருக்காக ஒருவர் வேண்டிக்கொள்கின்றன, இயன்ற தொகையும் சபையின் வழியாகவே போய்ச் சேர்கிறது. அவர்கள் எழுதும் கடிதங்களை உங்கள் வாரக் கூட்டத்தில் உரக்க வாசித்துவிட்டு, அடுத்த கூட்டத்துக்குள் பதில் எழுதும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள்.